என் தளத்தில் யார் எதை காப்பி எடுக்கிறார்கள்? அதைப் பதிவு செய்யலாமா, வைத்து வழக்குப் போடலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக: பழைய வண்ணாரப்பேட்டையில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். ஐந்து வருடமாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4, குரூப் 2 தேர்வுகளுக்கான குறிப்புகளைத் தமிழில் தயாரித்து, சொந்த இணையதளத்தில் இலவசமாகப் போட்டுவருகிறார். சுமார் 180 பக்கங்கள். விளம்பரத்தில் மாதம் ஆறாயிரம், ஏழாயிரம் வருகிறது. நான்கு மாதம் முன்பு, இவருடைய கணிதக் குறிப்புகள் ஒரு டெலிகிராம் சேனலில் பி.டி.எஃப். ஆகி 99 ரூபாய்க்கு விற்பதை மாணவி ஒருத்தி காட்டியிருக்கிறாள். உடனே அக்கா மகனைப் பிடித்து தளத்தில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், போட வைத்தார். யார் எந்த வரியை காப்பி செய்தாலும் அந்த வரி, நேரம், ஐ.பி. முகவரி (இணைய இணைப்பின் எண்) மூன்றும் ஒரு கூகுள் ஷீட்டில் வந்து விழும். ரைட் கிளிக்கையும் பூட்டியாயிற்று. இப்போது ராயபுரம் என்று காட்டும் ஒரே ஐ.பி.யிலிருந்து மூன்று வாரத்தில் 43 முறை காப்பி நடந்திருக்கிறது. "இவன்தான் திருடன். ஐ.பி.யை என் தளத்திலேயே போட்டு அசிங்கப்படுத்தலாமா? சைபர் கிரைமில் கொடுத்தால் வீட்டு முகவரி எடுத்துத் தருவார்களா? காப்புரிமை பதிவு செய்யாததால் எனக்கு உரிமையே கிடையாது என்கிறார் ஒருவர், உண்மையா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் ராயபுரத்து ஆளை விட்டுவிடுங்கள். 43 முறை என்றால் பெரிதாகத் தெரிகிறது. 21 நாளில் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு இரண்டு. உட்கார்ந்து குறிப்பெடுத்துப் படிக்கிற பிள்ளை செய்யும் வேலை அது. உங்கள் 180 பக்கத்தையும் அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு ராத்திரி போதும். அவன் காப்பி பொத்தானைத் தொடவே மாட்டான்.

அந்த ஷீட் சொல்வதும் சொல்லாததும்

உங்கள் ஸ்கிரிப்ட் காத்திருப்பது பிரவுசரில் நடக்கும் காப்பி என்ற ஒரு நிகழ்வுக்காக. விரலால் அழுத்தித் தேர்ந்தெடுத்து காப்பி கொடுத்தாலோ, கன்ட்ரோல் சி அழுத்தினாலோ அது எழும்பும். பக்கத்தை அப்படியே பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் எழும்பாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் காட்டி எழுத்தாக மாற்றினால் எழும்பாது. ஜாவாஸ்கிரிப்டை (ஸ்கிரிப்டை ஓட்டும் பிரவுசர் வசதியை) அணைத்துவிட்டு வந்தால் ஸ்கிரிப்ட் ஓடவே ஓடாது, உங்கள் ரைட் கிளிக் பூட்டும் அதோடு போயிற்று. பக்கங்களை வரிசையாக இறக்கும் புரோகிராம் பெரும்பாலும் பிரவுசரையே பயன்படுத்துவதில்லை. ஆக, அந்த ஷீட்டில் சிக்குவது பெரும்பாலும் நல்ல பிள்ளைகள்தான்.

ஐ.பி. முகவரியை வீட்டு முகவரி போல நினைத்திருக்கிறீர்கள். மொபைல் இணையத்தில் ஒரே வெளி ஐ.பி.யை ஒரே நேரத்தில் ஏராளமான பேருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது நிறுவனம். அதில் ஒருவரைப் பிரித்தெடுக்க ஐ.பி. மட்டும் போதாது, நொடி சுத்தமான நேரமும், அந்த இணைப்பைத் தனியாக அடையாளம் காட்டும் போர்ட் எண்ணும் வேண்டும். பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு அந்த எண் தெரியவே தெரியாது. வழக்கமான சர்வர் பதிவும் அதைக் குறித்து வைப்பதில்லை. இனி ராயபுரம் என்ற பெயர். ஐ.பி.க்கு ஊர் சொல்லும் சேவைகள் தருவது ஊகம். வியாசர்பாடியில் இருப்பவரை ராயபுரம் என்றும் சொல்லும், பெங்களூரு என்றும் சொல்லும். அது சரியாகவே இருந்தாலும், கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற இடத்தில் முப்பது பேர் ஒரே வைஃபையில் உட்கார்ந்து உங்கள் தளத்தைப் படித்தால், முப்பது பேரும் உங்கள் ஷீட்டில் ஒரே ஆள்தான்.

அதனால் ஐ.பி.யைத் தளத்தில் போட்டு அசிங்கப்படுத்தும் யோசனை வேண்டவே வேண்டாம். யாரோ ஒரு மாணவன் பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டால் அவன் உங்கள்மேல் அவதூறு வழக்குப் போடலாம், பாரதிய நியாய சன்ஹிதா (இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) பிரிவு 356. இன்னொன்றும் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 60 என்ன சொல்கிறது என்றால், ஆதாரமில்லாமல் 'வழக்குப் போடுவேன்' என்று ஒருவரை மிரட்டினால், மிரட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். கோபத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நாலு வரியே அவருக்கு ஆதாரமாகிவிடும்.

சொந்தப் படிப்புக்காகப் பத்து வரி எடுத்துக்கொள்வது குற்றமும் இல்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52, தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் எடுப்பதை விதிவிலக்காக வைத்திருக்கிறது. இடையில் ஒரு சொல் திருத்தம்: நீங்கள் காப்புரிமை என்று எழுதியிருப்பது கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட். எழுத்துக்கு உள்ளது பதிப்புரிமை. புகார் மனுவில் இதை மாற்றி எழுதினால் முதல் பக்கத்திலேயே மனு பலவீனமாகிவிடும்.

ஸ்கிரிப்டை வைத்துக்கொள்வதானால்

தூக்கிப் போடச் சொல்லவில்லை. எந்தப் பாடத்தை மாணவர்கள் அதிகம் எடுக்கிறார்கள் என்று தெரிவது உங்களுக்குப் பயனுள்ள தகவல். ஆனால் இப்போது இருக்கும் வடிவில் அது உங்களைத்தான் மாட்டிவிடும்.

உங்கள் தளத்தில் 'சந்தேகம் கேட்க' என்று ஒரு படிவம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாணவி அதில் தன் பெயர், மொபைல் எண், கேள்வி எல்லாம் டைப் செய்கிறாள். அனுப்பும் முன் பயந்துபோய், டைப் செய்ததை ஒருமுறை காப்பி எடுத்து வைக்கிறாள். குரோமில் அந்தக் கட்டத்துக்குள் தேர்ந்தெடுத்த எழுத்தும் உங்கள் ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும். அதாவது அவளுடைய மொபைல் எண் உங்கள் காப்பி ஷீட்டில், ஐ.பி. பக்கத்தில். அந்த ஷீட்டை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று வைத்திருக்கிறார் உங்கள் அக்கா மகன் என்பதும் கடிதத்திலிருந்தே தெரிகிறது. இதை இன்றைக்கே மூடச் சொல்லுங்கள்.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. அறிவிப்பு, ஒப்புதல் தொடர்பான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டைவிட்டுத் தகவல் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்று சட்டம் வைத்திருக்கிறது. டியூஷன் சென்டருக்கு அந்த அளவு விதிப்பார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் 'சின்னத் தளம்தானே' என்பது பதிலாகாது.

ஆகவே ஸ்கிரிப்டை இப்படி மாற்றச் சொல்லுங்கள். ஐ.பி.யை எடுக்கவே வேண்டாம். காப்பி செய்த எழுத்தையும் அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு பத்திக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, எந்தப் பக்கம், எந்தப் பத்தி, எத்தனை எழுத்து என்ற மூன்றை மட்டும் அனுப்பினால் போதும். படிவக் கட்டங்களுக்குள் நடக்கும் காப்பியை அடியோடு விலக்கிவிட வேண்டும். கூகுள் ஷீட்டுக்குப் பதில் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற வருகைக் கணக்குச் சேவைக்கு ஒரு நிகழ்வாக அனுப்பலாம். அது ஐ.பி.யைச் சேமிப்பதில்லை. ஆனால் இரண்டு விஷயம் கவனம். ஒரு மதிப்புக்கு 100 எழுத்துதான் எல்லை. தமிழில் 'கா' என்ற ஓரெழுத்தே கணினிக்கு இரண்டு என்பதால், காப்பி செய்த வரியையே அனுப்பினால் பாதியில் அறுந்துபோகும். பத்தி எண் அனுப்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்தது, தகவல் தங்கும் காலம் இரண்டு மாதம் என்றே முதலில் இருக்கும். அமைப்புக்குள் போய் 14 மாதமாக மாற்ற வேண்டும். மாற்றும் முன் போனது போனதுதான். தளத்தின் கீழே இரண்டு வரி அறிவிப்பும் தமிழில் இருக்கட்டும்: எந்தப் பத்திகள் காப்பி ஆகின்றன என்று எண்ணுகிறோம், யார் என்று பதிவு செய்வதில்லை.

ரைட் கிளிக் பூட்டை எடுத்துவிடுங்கள். ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க நினைக்கும் மாணவனுக்குத் தொந்தரவு தருவதைத் தவிர அது எதையும் செய்யவில்லை. அதைவிட உருப்படியான வழி, 200 எழுத்துக்கு மேல் காப்பி செய்தால் கடைசியில் உங்கள் தள முகவரி ஒரு வரியாகச் சேர்ந்து ஒட்டும்படி செய்வது. காப்பி நிகழ்வில் கிளிப்போர்டுக்குப் போகும் எழுத்தை மாற்ற முடியும். வாட்ஸ்அப் குழுவில் நல்லெண்ணத்தோடு பகிர்கிறவர்கள் அந்த வரியை நீக்க மாட்டார்கள். அதன் மூலம் உங்களுக்கு ஆள் வருவார்கள். சின்னத் துண்டுகளுக்கு இதைச் செய்யாதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும்.

மொத்தமாக அள்ளுகிறவனின் தடம் விழும் இடம் வேறு. சர்வரின் அணுகல் பதிவு, அதாவது எந்தப் பக்கத்தை எந்த ஐ.பி. எப்போது கேட்டது என்ற பட்டியல். நாலு நிமிடத்தில் 180 பக்கம், ஒரு படம்கூட, ஒரு ஸ்டைல் கோப்புகூட இறக்காமல் போயிருந்தால் அது மனிதன் இல்லை. உங்கள் தளத்தை வைத்திருக்கும் நிறுவனம் தருவது சிபேனல் ஹோஸ்டிங் என்றால் 'ரா ஆக்சஸ்' பகுதிக்குப் போங்கள். பதிவுகளைச் சேமித்து வை என்பதை டிக் செய்யுங்கள், போன மாதத்துப் பதிவை அழி என்பதில் டிக்கை எடுங்கள். பெரும்பாலானோர் இதைத் தொடுவதே இல்லை, மாதக் கடைசியில் ஆதாரம் தானாகவே அழிந்துவிடுகிறது. நான்கு மாதம் முன்பு நடந்ததன் பதிவு உங்கள் கையில் இப்போது இருக்க வாய்ப்பு குறைவு. ஹோஸ்டிங் நிறுவனங்கள் 180 நாள் பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. அந்த நாள் கணக்கு முடியும் முன், பதிவை அழிக்காமல் பாதுகாக்கச் சொல்லி அவர்களுக்கு இந்த வாரமே மின்னஞ்சல் போடுங்கள்.

உங்களுடையது எது?

பதிவு செய்யாவிட்டால் உரிமை இல்லை என்று சொன்னவர் தவறு. எழுதி முடித்த நொடியில் பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், படிவம் 14, இணையத்திலேயே செய்யலாம். கணிதக் குறிப்புகளை ஒரே தொகுப்பாக்கி ஒரு பதிவு போடுங்கள். 180 பக்கத்துக்கும் 180 பதிவு தேவையில்லை.

சிக்கல் இருப்பது வேறு இடத்தில், அதை நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வரலாறு, அறிவியல் குறிப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பக்கத்துக்கு 60 ரூபாய் வாங்கிக்கொண்டு எழுதித் தந்தார்கள் என்கிறீர்கள். அவர்கள் உங்கள் சம்பள ஊழியர்கள் இல்லை. காசு கொடுத்ததால் மட்டும் எழுத்து உங்களுடையது ஆகிவிடாது. பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19படி எழுத்துமூலமான உரிமை மாற்றம் வேண்டும். அதில் காலம் குறிக்காவிட்டால் ஐந்து வருடம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இருவரையும் கூப்பிட்டு, எந்தெந்தப் பாடங்கள் என்று பட்டியலிட்டு, பதிப்புரிமை முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும் என்று தெளிவாக எழுதி கையெழுத்து வாங்குங்கள். இது கையில் இல்லாமல் வரலாற்றுக் குறிப்புகளுக்காக வழக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொரு கசப்பான விஷயம். சமச்சீர் பாடநூலிலிருந்து அப்படியே எடுத்த வரிகள் உங்களுடையவை இல்லை. தேர்வாணையத்தின் பழைய வினாக்களும் இல்லை. ஆண்டுகள், சட்டப் பிரிவு எண்கள், பெயர்கள் போன்ற தகவல்கள் யாருக்கும் சொந்தமில்லை. உங்கள் விளக்கம், நீங்கள் உருவாக்கிய கணக்குகள், எதை எதற்குப் பின் வைத்தீர்கள் என்ற கோர்வை, இவற்றில்தான் உங்கள் உரிமை இருக்கிறது. 2007இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்தப் படைப்பாற்றல் தெரிய வேண்டும்.

சாட்சியம் சேனலின் பக்கத்தில் இருக்கிறது

உங்கள் தளத்தில் யார் காப்பி எடுத்தார் என்று தேடி மாதக்கணக்கில் களைத்துப் போவதைவிட, காப்பி போய்ச் சேர்ந்த இடத்தைப் பிடியுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். உங்கள் சதவீதக் கணக்கு: 'காசிமேட்டில் ஒரு கூடை சங்கரா மீனை 1,840 ரூபாய்க்கு ஏலம் எடுத்து, ஐஸுக்கும் கூலிக்கும் 160 ரூபாய் செலவழித்து, 2,300 ரூபாய்க்கு விற்றால் இலாபம் எத்தனை சதவீதம்?' அந்த பி.டி.எஃப்.பில் காசிமேடு தூத்துக்குடி ஆகியிருக்கிறது. எண்கள் மூன்றும் அப்படியே. விடையில் நீங்கள் 'சதவீதம்' என்பதை 'சதவிதம்' என்று தட்டச்சுப் பிழையாக விட்டிருக்கிறீர்கள், அந்தப் பிழையும் அப்படியே. எண்கள் ஒத்துப்போவதற்குத் தற்செயல் என்று சாக்குச் சொல்லலாம். பிழையும் சேர்ந்து ஒத்துப்போனால் சொல்ல முடியாது. அந்தப் பிழையை இப்போது திருத்திவிடாதீர்கள். முதலில் இரண்டு பக்கத்தையும் பதிவு செய்து வையுங்கள், பிறகு திருத்தலாம். இனி எழுதும் பாடங்களிலும் பாடத்துக்கு ஒன்றிரண்டு இப்படிச் சொந்த அடையாளங்கள் இருக்கட்டும். ஆனால் வேண்டுமென்றே தவறான தகவலை நுழைக்காதீர்கள். அதைப் படித்துத் தேர்வெழுதப் போவது உங்கள் பிள்ளைகள்.

சேகரிக்க வேண்டியவை:

சேனலின் இணைப்பு, பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, ஒவ்வொரு பதிவின் தனி இணைப்பு, தேதி. தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்.

வேறு ஒருவர் மூலம் 99 ரூபாய் கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். ஐ.பி. சொல்லாத பெயரை யூ.பி.ஐ. சொல்லிவிடும். பணம் போகும் கணக்கின் பெயர், யூ.பி.ஐ. முகவரி, பரிவர்த்தனை எண் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். அது அவருடைய தம்பியின் கணக்காகவோ வாடகைக் கணக்காகவோ இருக்கலாம். எனவே அந்தப் பெயரையும் ஊருக்குச் சொல்ல வேண்டாம், மனுவில் மட்டும் எழுதுங்கள்.

வாங்கிய பி.டி.எஃப்.பின் பண்புகளைத் திறந்து பாருங்கள். யார் உருவாக்கியது, எந்தத் தேதி, எந்த மென்பொருள் என்பது சில சமயம் துடைக்காமல் கிடக்கும்.

கோப்பைத் திறந்து மறுபடி சேமிக்காமல், இறக்கியது இறக்கியபடியே வைத்து, அதன் ஷா-256 ஹாஷ் மதிப்பை (கோப்பில் ஓரெழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாளக் கோவை) எடுத்துக் குறியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63படி, மின்னணு ஆவணத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை பிரின்ட் போட்டுக்கொண்டு வந்து நிற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இணையக் காப்பகமான வேபேக் மெஷினில் உங்கள் பக்கத்தின் பழைய பிரதி இருக்கிறதா பாருங்கள். நீங்கள் முதலில் வெளியிட்டீர்கள் என்பதற்கு அது துணை ஆதாரம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் டெலிகிராமுக்குப் பதிப்புரிமைப் புகார். உங்கள் பக்கத்தின் இணைப்பு, அவர்கள் பதிவின் இணைப்பு, ஒப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். சேனல் போய்விடும், பத்து நாளில் வேறு பெயரில் முளைக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். ஆதாரம் முழுதும் கைக்கு வந்த பிறகே புகார் என்று சொல்வது அதனால்தான். தூக்கிய சேனலிலிருந்து ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது.

பதிப்புரிமை விதிகள் 2013இன் விதி 75 வேறு ஆயுதம். அதன்படி முறையாக எழுதினால், டெலிகிராம் போன்ற இடைநிலை நிறுவனம் 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்தம் 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துவிடலாம், அதே விஷயத்துக்கு மறுபடி நீங்கள் எழுதினாலும் பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. வழக்குத் தாக்கல் செய்யத் தயாரான பிறகே இதை எடுங்கள்.

சேனல் நடத்துகிறவர் யார் என்று தெரியாமலே வழக்குப் போடலாம். பயிற்சி வகுப்பு நடத்தும் நீத்து சிங் தொடுத்த வழக்கில், 2022 ஆகஸ்ட் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், பாடக் குறிப்புகளைத் திருட்டுத்தனமாகப் பரப்பிய சேனல்களின் மொபைல் எண், ஐ.பி., மின்னஞ்சல் விவரங்களைத் தரும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் இல்லை. நீங்கள் தேடும் ஆளைக் கண்டுபிடிக்கும் வழி உங்கள் ஷீட்டில் இல்லை, இதில் இருக்கிறது.

எதிராளி மதுரையில் இருந்தாலும் நீங்கள் மதுரைக்கு அலைய வேண்டாம். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 62, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய அனுமதிக்கிறது. வணிக வழக்காகப் போகும் அளவு மதிப்பு, அதாவது மூன்று லட்சமோ அதற்கு மேலோ இருந்து, அவசரத் தடை உத்தரவு கேட்கவில்லை என்றால், முதலில் சமரச முயற்சிக்குப் போயாக வேண்டும். நீங்கள் கேட்பது உடனடித் தடை என்பதால் அது பொருந்தாமல் போகலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவிக்குத் தகுதி தருகிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகம் மெட்ரோவில் இரண்டு நிறுத்தம், அங்கே விசாரியுங்கள்.

காவல்துறைக்கும் போகலாம். பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63இல் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 1930 எண் உங்களுக்கானது இல்லை, அது பணம் பறிபோனவர்களுக்கு. எழுத்துமூலப் புகாரோடு மேலே சொன்ன சாட்சியங்களை இணைத்துக் கொடுங்கள், கூடவே அந்த 43 வரி ஷீட்டை வைக்காதீர்கள். அதை வைத்தால் விசாரணை ராயபுரத்தில் யாரோ ஒரு மாணவன் வீட்டுப் பக்கம் திரும்பும், சேனல்காரர் அதற்குள் பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த தொகுப்பை 149 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருப்பார்.